கைமாற்று 3 வெளியாகிறது: மாறியவையும் மாற்றாமல் விட்டவையும்

கைமாற்று செயலியின் மூன்றாம் பதிப்பு தயாராகிவிட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய ஐந்து தளங்களுக்கும் ஒரே நேரத்தில் வெளியிடுகிறேன். ஒரே அருகலையில் (வைஃபை) இணைந்திருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே, இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோப்புகளையும் அவற்றோடு சேர்ந்து போக வேண்டிய சிறு குறிப்புகளையும் கொண்டுசேர்ப்பதே இதன் வேலை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இதைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் என்னை நேரில் அறிந்தவர்கள் என்பதால், புதிய பதிப்பு என்றதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: இன்னும் வேகமாகப் போகுமா? போகாது. அருகலை தருகிற வேகத்தைத் தாண்டி எந்தச் செயலியும் ஓட முடியாது. அந்த எல்லையை இரண்டாம் பதிப்பே தொட்டுவிட்டது. இம்முறை உழைப்பெல்லாம் கோப்பின் பெயரிலும், பாதியில் அறுந்துபோன அனுப்புதலிலும்தான் செலவாயிற்று. வெளியூர் வாசகர்களுக்கு இவை அற்பமாகத் தோன்றக்கூடும் என்பதால் இங்கே இவை ஏன் பெரிய விஷயங்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனையின் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது தோட்டங்களில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை. தாமதமானால் பழத்தில் கொழுப்பமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆகவே தோட்டத்தின் எந்தப் பிரிவில், எங்கள் பேச்சில் எந்தக் காட்டில், எத்தனை குலை இறங்கியது, அவற்றில் பழுத்தவை எத்தனை, பழுக்காதவை எத்தனை என்ற கணக்கும் படமும் அன்றைக்கே அலுவலகம் வந்தாக வேண்டும். மலையை ஒட்டிய காடுகளில் கைப்பேசிக்கு லைன் கிடைப்பதில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மதியம் அலுவலகத்துக்கு வந்து கிராணியாரின் (எழுத்தரின்) கணினிக்கு மாற்றிவிட்டுப் போகிறார். புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், எடுத்த இடம் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். விரலியில் (பென் டிரைவ்) ஏற்றிக் கொடுத்தால் சில வேளைகளில் நச்சுநிரலும் கூடவே வந்து சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்றுதான் கைமாற்று தொடங்கியது. பிறகு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வினாத்தாள்களுக்கும், கோயில் நிர்வாகத்தினர் திருவிழாக் காணொளிகளுக்கும் இதை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகள் பெருகியது அவர்கள் வந்த பிறகுதான்.

"அண்ணே, ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு, எதத் தொறக்கிறது?" என்று கோயில் பொருளாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். விண்டோஸ் கணினியின் ஒரே அடைவில் (ஃபோல்டர்) ‘கோயில் கணக்கு’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நின்றன. ஒரே அடைவில் ஒரே பெயர் இரண்டு முறை வர முடியாது என்பது கணினியைத் தொட்ட எல்லாருக்கும் தெரியும். ஆனால் கணினியின் பார்வையில் அவை ஒரே பெயர் அல்ல. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது இன்னொரு விதம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளைப் பார்த்தால் மட்டுமே வேறுபாடு புலப்படும்.

இந்த வேறுபாட்டை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு), பெயரை வாங்கியவுடன் இப்படிப்பட்ட எழுத்துகளைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே காப்பாற்றுகிறது, ஆனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸில் வழக்கமாக உள்ள கோப்பு முறைமைகளும் எதையும் மாற்றுவதில்லை, இரண்டையும் வேறு வேறு பெயர்களாகவே கொள்கின்றன. எனவே செயலாளர் கைப்பேசியிலிருந்தும் பொருளாளர் பழைய மேக் மடிக்கணினியிலிருந்தும் ஒரே கோப்பை அனுப்பினால், நடுவில் இருக்கும் விண்டோஸ் கணினியில் அது இரண்டாகிவிடுகிறது. அதன்பின் ஒருவர் ஒன்றைத் திருத்துவார், மற்றவர் மற்றதைத் திருத்துவார், ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு இடிக்கும்.

மூன்றாம் பதிப்பு, வருகிற பெயரையும் அடைவில் ஏற்கெனவே உள்ள பெயர்களையும் ஒருங்குறி வகுத்துள்ள சேர்ப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுகிறது. ஒப்பிடுவதற்கு மட்டுமே இந்த மாற்றம். வட்டில் எழுதும்போது அனுப்பியவர் கொடுத்த வடிவமே நிற்கும். பெறும் இடத்தில் பெயரைத் திருத்தி எழுதினால், அதே கோப்பு திரும்பிப் போகும்போது அனுப்பியவரின் கணினி அதைப் புதிய கோப்பாக எண்ணிவிடும் என்பதால், ‘சரியான’ வடிவத்தைத் திணிக்கும் வேலையில் நான் இறங்கவில்லை.

ஒருங்குறி விதிகள் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறியோடு எழுதுவதே முறை. ஆனால் எகரக் கொம்பும் ககரமும் பக்கத்தில் ஒரு ளகரமுமாகத் தட்டச்சு செய்யப்பட்ட ‘கெளரி’ நம் ஊரில் பத்திரிகை முதல் பெயர்ப்பலகை வரை எங்கும் இருக்கிறது. ‘ஸ்ரீ’யின் கதையும் அப்படியே. ஸகரத்தை வைத்துத் தட்டச்சு செய்யும் பழக்கம் முதலில் வேரூன்றியது. 2005இல் வந்த ஒருங்குறி 4.1 தமிழுக்கு ஶகரத்தைத் தனிக் குறியீடாகச் சேர்த்த பிறகு, அதை வைத்து எழுதும் விசைப்பலகைகளும் வந்தன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரிகின்றன. ஸ்ரீ மகா மாரியம்மன் என்று தொடங்காத கோப்பு ஒரு தோட்டக் கோயிலின் கணினியில் இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். விதிப்படி இவை வெவ்வேறு எழுத்துக்கோவைகள் என்பதால், செயலி தானாக இவற்றை ஒன்றாக்கினால் உண்மையிலேயே வேறான ஒரு கோப்பின் மேல் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே இப்படிக் குழம்பக்கூடிய இணைகளுக்கு ஒரு சிறிய பட்டியலை நானே கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். பட்டியலில் உள்ளது வந்தால் செயலி நிறுத்திக் கேட்கும்; முடிவு பயனரின் கையில். பட்டியலில் சேர்க்க வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

பெயரின் நீளம் அடுத்த தொல்லை. லினக்ஸில் பெரும்பாலான கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே தருகின்றன; விண்டோஸோ 255 குறியீட்டு அலகுகள் தருகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் அப்படியில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் கணக்கு. ‘சுங்கை’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஆறு குறியீடுகள், அதாவது 18 பைட். ஆக, லினக்ஸில் மொத்தம் 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். பள்ளி ஆசிரியர் ஒருவர் பாடம், ஆண்டு, தவணை, வகுப்பு, தம் பெயர் என்று எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுகிற பழக்கம் உள்ளவரானால், விண்டோஸில் பிறந்த அந்தக் கோப்பு லினக்ஸில் இறங்க மறுக்கும். மூன்றாம் பதிப்பு இதை அனுப்பும் முன்பே கண்டுபிடித்து, கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டைத் தொடாமல், முழு எழுத்தின் எல்லையில் வெட்டிய ஒரு குறும்பெயரைப் பரிந்துரைக்கிறது. முழு எழுத்தின் எல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பைட் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ‘கை’ என்பது ‘க’ ஆகிவிடும், அல்லது எதுவுமே ஆகாத குப்பை பைட்டுகள் மிஞ்சும். முழுப்பெயர் கோப்போடு ஒரு குறிப்பாகப் போய்ச் சேரும்.

விண்டோஸ் ஏற்காத குறிகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி ஆகியவை விண்டோஸ் பெயர்களில் வரக்கூடாது. நேரத்தை முக்காற்புள்ளியோடு எழுதிய பெயர் பிற தளங்களிலிருந்து வந்தால் தடுக்கி விழும். அதைவிட வேடிக்கை, ஒப்பந்தக்காரர் கணக்குக்குச் சுருக்கமாக ஆங்கிலத்தில் ‘கான்’ என்று மூன்றெழுத்தில் பெயர் வைத்த ஒரு கோப்பு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் அந்த மூன்றெழுத்து விசைப்பலகையையும் திரையையும் குறிக்கும் சாதனப் பெயராக ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் அந்த மரபை இன்னும் விடவில்லை. இவற்றுக்கெல்லாம் ஒரு மாற்றுப்பெயர் விதியை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இனி, அறுந்த அனுப்புதல். பேராக்கின் பிற்பகல் இடிமழையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மண்டோர்கள் படங்களை மாற்றும் நேரமும் மின்சாரம் துண்டிக்கப்படும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி இரண்டாம் பதிப்பிலேயே உண்டு. பெற்ற பகுதியின் அளவைப் பார்த்து அங்கிருந்து மேலே தொடரும். எளிய வழி, பல கருவிகளில் இருப்பதும் அதுவே. ஆனால் கோப்பின் அளவு என்பது இயங்குதளம் எழுதி வைத்திருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. தரவு இன்னும் நினைவகத்தில் காத்திருக்கும்போதே அளவு வட்டில் பதிவாகிவிடலாம். அந்த நொடியில் மின்சாரம் போனால், மீண்டும் வந்து பார்க்கும்போது கோப்பு அளவில் சரியாகவும், வாலில் வெறும் சுழியங்களாகவும் இருக்கும். அங்கிருந்து தொடர்ந்தால் முடிவில் கிடைப்பது அளவு பிசகாத, நடுவில் ஓட்டையுள்ள கோப்பு.

மூன்றாம் பதிப்பு கோப்பை 1 மெபிபைட் (சுமார் பத்து லட்சம் பைட்) துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகையை, அதாவது உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும் ஓர் அடையாள எண்ணை, கணக்கிடுகிறது. துண்டு வந்ததும் எழுதி, வட்டில் உண்மையாகவே இறங்கிவிட்டது என்று இயங்குதளத்திடம் உறுதி வாங்கிய பிறகுதான் பதிவேட்டில் அதைக் குறிக்கிறது. லாரியிலிருந்து உர மூட்டை தரையில் இறங்கிய பிறகு மட்டுமே சீட்டில் டிக் போடும் ஸ்டோர் கிராணியின் ஒழுங்கு இது. ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி உறுதி கேட்டால் கைப்பேசியின் சேமிப்பகம் தள்ளாடுகிறது. எனவே 16 துண்டுகளுக்கு ஒருமுறை கேட்கிறேன். மின்வெட்டில் அதிகபட்சம் இழப்பது அந்த 16 மெபிபைட். 4 ஜிபி கோப்புக்கு 4,096 துண்டுகள், துண்டுக்கு 32 பைட் கைரேகை. முழுப் பட்டியலும் 128 கிலோபைட்டில் அடங்கிவிடுவதால், மறுபடி இணையும்போது இரு பக்கமும் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

ஆர்சிங்க்கின் வழியை ஏன் எடுக்கவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராஸும் 1996இல் வெளியிட்ட அந்தக் கருவி, கோப்பின் நடுவே ஒரு வரி நுழைந்து மற்றவை நகர்ந்துவிட்டாலும், மாறாத பகுதிகளை அடையாளம் கண்டு மாறியதை மட்டும் அனுப்பும். நேர்த்தியான சிந்தனை. எங்கள் பயனர்கள் அனுப்புவது பெரும்பாலும் படம், காணொளி, எக்செல் ஆகிய மூன்றே. படமும் காணொளியும் எடுத்த பிறகு மாறுவதில்லை. எக்செல் கோப்பு உள்ளுக்குள் சுருக்கப்பட்ட ஒரு பொதி என்பதால், ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினாலே பைட்டுகள் பெருமளவு மாறிவிடுகின்றன. அந்த உத்திக்கு அங்கே வேலை குறைவு. கோப்பும் சிறியது, முழுவதையும் மறுபடி அனுப்பிவிடலாம்.

இன்னொரு சிறு சேர்க்கை: பழைய விரலிகள் பலவற்றில் உள்ள எஃப்ஏடி32 முறைமை 4 ஜிபியைத் தொடும் கோப்பை ஏற்காது. தீமிதித் திருவிழாக் காணொளியை நேரே விரலியில் இறக்கப் பார்த்தால், நெடுநேரம் ஓடி 4 ஜிபியில் நின்றுபோகும். இப்போது தொடங்கும் முன்பே சொல்லிவிடும்.

புதிய பதிப்பு வெளியிடுகிறவனுக்கு உண்மையான தலைவலி, பழைய பதிப்பு உலகத்தை விட்டுப் போகாது என்பதே. அலுவலகக் கணினியில் இன்று மூன்றை நிறுவினாலும், மண்டோரின் கைப்பேசியில் இரண்டு பல மாதங்கள் இருக்கும். இதற்கு நான் பாடம் கேட்டது கெர்மிட்டிடம். 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் வடித்த கோப்பு மாற்று நெறிமுறை அது. தொலைக்காட்சித் தவளைப் பொம்மையின் பெயரைத் தாங்கியது. பெருங்கணினியில் மாணவர்களுக்கு வட்டிடம் போதாததால், கோப்புகளைச் சிறு கணினிகளின் நெகிழ்வட்டுக்கு மாற்றிக்கொள்ளத் தொடங்கிய ஏற்பாடு, பிறகு எண்ணற்ற வகைக் கணினிகளுக்குப் பரவியது. நடுவில் இருக்கும் இணைப்பு எந்தக் குறியை விழுங்கும் என்று சொல்ல முடியாத காலம் என்பதால், தரவையெல்லாம் அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றி, அதிகபட்சம் 94 எழுத்துகள் கொண்ட சிறு பொதிகளாக அனுப்பினார்கள். நீண்ட பொதிகளும், ஒரே நேரத்தில் பல பொதிகளை வழியில் விடும் முறையும் பிற்பாடு வந்தன.

அவை வந்தபோது பழைய கெர்மிட்டுகள் செத்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உரையாடல் தொடங்கும்போது இரு பக்கமும் தத்தம் திறன்களை ஒரு நிலையான வரிசையில் சொல்லிக்கொள்ளும். பழைய பக்கம் தனக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திவிடும், சொல்லாமல் விட்டவற்றுக்கு இயல்பு மதிப்பு கொள்ளப்படும், தெரியாதவை புறக்கணிக்கப்படும். பதிப்பு எண்ணைக் கேட்டு முடிவெடுக்கும் வழக்கத்தைவிட இது மேலானது என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழகம் 2011இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டபோதும் நிரல் திறந்த உரிமத்தில் வெளியானதால் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கைமாற்று 3இன் தொடக்கப் பேச்சு அப்படியே அதன் வழிதான்: கைரேகைப் பட்டியல் தெரியும் என்று எதிர்ப்பக்கம் சொன்னால் அது; சொல்லாவிட்டால் இரண்டாம் பதிப்பின் பழைய வழி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. முதல் பதிப்பு மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது) இல்லாமல் பேசியது. அதோடும் பேசுவேன் என்று மூன்றாம் பதிப்பு ஒப்புக்கொண்டால், நடுவில் ஒருவர் புகுந்து ‘நான் பழையவன்’ என்று சொல்லியே மறையாக்கத்தைக் கழற்றிவிடலாம். எனவே முதல் பதிப்புக்குக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. புதிய கருவிகள் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ள ஆறு இலக்க எண் போதும். ஒரு திரையில் வருவதை மறு பக்கத்தில் தட்ட வேண்டும். ஆறு இலக்கம் பலவீனமானது என்று தோன்றும். ஆனால் எண்ணை வெளியே அனுப்பாமலே இரு பக்கமும் அதைச் சரிபார்த்துக்கொள்ளும் ஸ்பேக்2 என்னும் முறையில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் ஊகம் மட்டுமே சாத்தியம். பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு நிதானமாக உடைக்க வழியில்லை. தமிழ்ச் சொற்களைக் குறியாக வைக்கலாமே என்று நண்பர்கள் ஆசைப்பட்டார்கள். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே எண்ணைக் கேட்டுத் தட்டுகிற மண்டோருக்கு இலக்கம்தான் வசதி.

விண்டோஸ் 7 பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் எடைமேடை ஓரத்தில் இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது, எடைக் கருவியின் மென்பொருள் அதில்தான் இயங்கும் என்பதால் யாரும் தொடுவதில்லை. நான் நிரல் எழுதும் கோ (Go) என்னும் நிரல்மொழியில் விண்டோஸ் 7க்கு நிரல் உருவாக்கக்கூடிய கடைசிப் பதிப்பு 1.20, அதற்கும் இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆகவே அந்தக் கணினிகளுக்கு மட்டும் தனி நிரல் ஒன்றை அதிலேயே கட்டியிருக்கிறேன். அது அனுப்பும், எதையும் பெறாது. எடைச்சீட்டுகள் வெளியே வர வேண்டும். உள்ளே போக வேண்டியது எதுவும் அங்கே இல்லை.

கைப்பேசிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய ஆண்ட்ராய்டில் ஒரு செயலி சேமிப்பகம் முழுவதையும் தன் விருப்பத்துக்குத் துழாவ முடியாது. எனவே முதல் முறை திறக்கும்போது எந்த அடைவு என்று கேட்கும், ஒரு முறை காட்டினால் போதும். ஐஃபோனில் உள்ளூர் வலையமைப்புக்கான அனுமதியைக் கேட்கும். மறுத்துவிட்டால் எந்தக் கணினியும் பட்டியலில் தெரியாது. அங்கே செயலி பின்னணிக்குப் போனால் சற்று நேரத்தில் உறங்கவைக்கப்படும் என்பதால், பெரிய கோப்பு போகும்போது திரையை அணைக்காதீர்கள். அணைத்துவிட்டாலும் பாதகமில்லை, விட்ட துண்டிலிருந்து தொடரும்.

ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்களை அனுப்பும்போதே ஒருங்குறிக்கு மாற்றித் தர வேண்டும் என்று பள்ளிகளிலிருந்து கோரிக்கை வந்திருந்தது. சேர்க்கவில்லை. கோப்பின் உள்ளே இருப்பதைத் தொடாமல் சேர்ப்பதே இந்தச் செயலியின் ஒப்பந்தம். கைரேகைச் சோதனையும் அதை நம்பித்தான் நிற்கிறது. மாற்றி தேவையென்றால் தனிக் கருவியாகச் செய்யலாம், செய்ய ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளுங்கள்.

நிறுவும்போது அலுவலகக் கணினியில் முதலில் நிறுவுங்கள், கைப்பேசிகளைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் பதிப்பில் பாதியில் நிற்கும் அனுப்புதல்கள் இருந்தால் அவற்றை முடித்துவிட்டு நிறுவுவது நல்லது, ஏனெனில் பழைய பாதிக் கோப்புகளுக்குக் கைரேகைப் பதிவேடு இல்லாததால் புதியது அவற்றை முதலிலிருந்து தொடங்கும். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். சம்பள வாரத்தில் வேண்டவே வேண்டாம்.